மீதி மூன்று

டப்பா காலியாக இருந்தால் நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்றொரு நம்பிக்கை மக்களிடையே பரவலாக நிலவுகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. இது அடிப்படையிலேயே பிழையானது என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. முப்பது மாத்திரை கொடுத்து இருபத்தெட்டு நாள் கழித்து வரச் சொன்னால், ஒழுங்கான நோயாளியின் டப்பாவில் இரண்டு மாத்திரை மிச்சமிருக்க வேண்டும். அந்த இரண்டும் மழைக்கோ பஸ் வராத நாளுக்கோ கைகாவல். காலி டப்பாவோடு வருகிறவருக்கு ஒன்று கணக்குத் தெரியாது, அல்லது கணக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். ஆக, இரண்டு. ஒன்று அல்ல, மூன்று அல்ல. என் டப்பாவில் மூன்று இருக்கிறது. காலையில் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து எண்ணினேன், மூன்று. தாளின் வெள்ளையில் மாத்திரையின் வெள்ளை ஏமாற்றியிருக்கலாம் என்று எவர்சில்வர் தட்டில் போட்டு எண்ணினேன், மூன்று. மூன்று பொருளை எண்ணுவதில் தவறு வர வழியில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை எண்ணினேன். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து, இந்த மாவட்டத்தின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்திய செண்பகவடிவாகிய நான், அறுபத்தொரு வயதில், ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து மூன்று மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது அரசு மருத்துவமனையில் இருபத்தாறாம் எண் அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். கையில் நாற்பத்தொன்றாம் டோக்கன், உள்ளே முப்பத்து நான்கு. அறைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை, ‘இருபத்தாறு’ என்றால் போதும், எச்.ஐ.வி. மருந்து வாங்குகிற இடம் என்று ஆஸ்பத்திரி வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவள் வரைக்கும் தெரியும். பெஞ்சின் குளிர்ச்சி நன்றாக இருக்கிறது. மேலே விசிறி தன் பாட்டுக்கு ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது. அதைத் தராசாக எண்ணினால் இடது தட்டில் ஒரு கால் கிலோ கூடுதல். பத்து வருடமாக இந்தப் பெஞ்சுக்கு வருகிறேன், இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு இங்கே வருவது பிடிக்கும். வேறெங்கே போனாலும் என்னிடம் ஒன்று இருக்கிறது, அடுத்தவரிடம் இல்லை. இங்கே எல்லாரிடமும் அது இருப்பதால் அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, மின்வெட்டைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் நிம்மதியாகப் பேசலாம். எல்லாருக்கும் ஒரே வெள்ளை மாத்திரை, மூன்று மருந்து ஒன்றில் அடக்கம், ஒரு நாளைக்கு ஒன்று. பஸ்ஸில் கலகலக்கக் கூடாது என்று டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவோம். உள்ளே ஜெபமலர், மருந்தாளர், முப்பது வயதுப் பெண், நீலத் தட்டில் கொட்டி மழுங்கிய கத்தியால் மாத்திரைகளைத் தள்ளித் தள்ளி எண்ணுவாள். சாப்பிட்டதைச் சாப்பிட வேண்டியதால் வகுத்து நூறால் பெருக்கி நோட்டில் எழுதுவாள். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் பேச்சு. தொடர்ந்து இரண்டு மாதம் கணக்கு இடித்தால், கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, மாதத்துக்கு ஒருமுறை இல்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரவேண்டும். எனக்கு ஒரு மாத்திரை கூடியிருப்பதால் இருபத்தெட்டுக்கு இருபத்தேழு, தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. தேர்ச்சிதான். ஜெபமலர் கண்டுகொள்ளக்கூட மாட்டாள். இருபது கிலோ படிக்கல்லில் சில கிராம் பிசகைச் சட்டமே அனுமதிக்கிறது; பிசகே இல்லாத எடைக்கல் உலகத்தில் கிடையாது, அதை நான்தான் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அது எடைக்கல். இது நான்.

தூக்கிப் போட்டுவிட்டால்? அதற்கும் இங்கே முன்னோடிகள் உண்டு. புளியை உருட்டித் தட்டுக்கு அடியில் ஒட்டுகிற கடைக்காரர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், அந்தத் திறமைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது. சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்துச் சாக்கடையருகே போன மாதம் ஒருவர் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து நான்கு மாத்திரைகளை உள்ளே விட்டார். காலில் ஹவாய் செருப்பு. இந்த ஆஸ்பத்திரிச் சாக்கடையில் வாழும் எலிகளுக்கு எச்.ஐ.வி. வருவதற்கு வாய்ப்பே இல்லை. எண்ணிக்கை சரியாக இருப்பதற்கும் சாப்பிட்டதற்கும் சம்பந்தமில்லை, சோதிக்கிறவர் வரும் நாளில் மட்டும் தராசு நேராக நிற்கும், இதெல்லாம் எனக்குப் புதிதா. இதோ பையில் கைவிட்டால் டப்பா, மூடியை அழுத்தித் திருகினால் பஞ்சு, பஞ்சை எடுத்தால் மூன்று. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் இரண்டு. மாட்டேன். ஜெபமலருக்காக இல்லை, சட்டத்துக்காகவும் இல்லை. நாதனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாதன் என் மகன், குற்றாலநாதன், ஓசூரில் ஐந்தாவது மாடியில் இருக்கிறான். போன வருடம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் மாடியில் துணி எடுக்கப் போனேன். பால் போயிற்று, பாத்திரம் போயிற்று, பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணிவிட்டார். மறுநாள் நாதன் வந்து நின்றான். “அம்மா, பாலு போனா போகட்டும். மருந்து ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா சொல்லிரணும். சொல்லிட்டு எங்கூட வந்திரணும். மறதிய வச்சிக்கிட்டுத் தனியா இருக்க முடியாது.” எடைக்கல்லைக் கையில் வாங்குவதுபோல அந்த நிபந்தனையை வாங்கிப் பார்த்து, நியாயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். நாள் தவறினால் சொல்வேன், சொன்னால் வருவேன். அவன் வீடு நல்ல வீடு. சமையலறையில் கேமரா இருக்கிறது. மருமகள் ரொம்ப நல்லவள், அதுதான் சங்கடம், கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது பொழுது போகும். தண்ணீர் குடிக்க எழுந்தால் “நீங்க உக்காருங்கத்தை” என்பாள். அவர்களோடு இருந்த பதினோரு நாளில் நான் எழுந்து நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. என்றைக்கு விட்டேன்? என் முறை எளிமையானது, பிசகுக்கு இடமில்லாதது. எட்டு மணி, மாத்திரை, தண்ணீர், தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிப்பது, இந்த வரிசை. தாள் கிழிந்திருந்தால் மாத்திரை உள்ளே போயாயிற்று என்று பொருள். இருபத்தெட்டுத் தாளும் கிழிந்திருக்கிறது. ஆனால் பதினேழும் பதினெட்டும் சேர்ந்து கிழிந்தவை. பதினேழாம் தேதி நான் வீட்டில் இல்லை, அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன், மறுநாள் வந்து இரண்டையும் ஒன்றாகக் கிழித்தேன். ஆக அது பதினேழு. அன்று டப்பா எங்கே இருந்தது? கைப்பையில். கைப்பை எங்கே? பெண்வீட்டார் அறையில். அறைச் சாவி மணப்பெண்ணின் சித்தியிடம், சித்தி மணமேடையில். எட்டு மணிக்கு முகூர்த்தம். கெட்டிமேளம் கேட்டது. அப்புறம்? அந்த இடத்தில் மனம் ஒரு கல் தடுக்கினாற்போல் நின்று, சுற்றிக்கொண்டு வந்து, திரும்பவும் கெட்டிமேளத்தில் நிற்கிறது. மறதி இப்படித்தான் ஆரம்பிக்குமா? விளிம்பிலிருந்து அரிக்குமா, நடுவில் ஓட்டை விழுமா? சோதித்துப் பார்க்கலாம். பழைய மார்க்கெட்டில் தட்டுக்கு அடியில் காந்தம் வைத்திருந்தவர் பெயர் சுப்பையா நாடார், மூன்றாவது கடை, இடது கண்ணில் பூ. என் கணவர் இறந்த நாள் செவ்வாய்க்கிழமை, அவர் எனக்கு விட்டுப்போனது வீடு ஒன்று, இந்த நோய் ஒன்று, வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது. போன பரிசோதனையில் இரத்தத்தில் வைரஸ் ‘கண்டறிய இயலவில்லை’ என்று வந்தது. இந்தத் தேசத்தில் ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்ததிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம். எல்லாம் இருக்கிறது. பதினேழாம் தேதி எட்டு மணி மட்டும் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு நடந்ததில் ஒன்று நன்றாகவே ஞாபகம் இருக்கிறது, சொல்லப்போனால் பதின்மூன்று நாளாக அதைத்தவிர வேறொன்றும் ஞாபகமில்லை. அதற்குக் காரணமானவர் எதிர்ப் பெஞ்சில் முப்பத்தெட்டாம் டோக்கனோடு உட்கார்ந்து, மேல்துண்டை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறார். ஆவுடையப்பன், கல்யாணச் சமையல்காரர். ஆறு வருடத்துக்கு முன் இதே பெஞ்சில், “ஆபீசரம்மா, நீங்கதானே எங்க அண்ணாச்சி கடைத் தராசைத் தூக்கிட்டுப் போனது?” என்று கேட்டு அறிமுகமானார். தூக்கிக்கொண்டு போனது உண்மை. நானும் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றுதான் அழைத்து வந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று தேதி சொல்ல முடியவில்லை. நிறுத்திவிட்டு வேறெதுவும் தொடங்காததால், இப்போது அவரை எதுவும் சொல்லாமல் தொண்டையைக் கனைத்துக் கூப்பிடுகிறேன். அவருக்கு அளவு என்றால் இளப்பம். ஐந்நூறு பேர் சாம்பாருக்குக் கையால் அள்ளி உப்புப் போடுவார். “அந்தக் கையில எத்தனை கிராம்?” என்று கேட்டால், “நாக்கைக் கேளுங்க” என்பார். அந்தக் கல்யாணத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தது நான்தான், என்னோடு வேலை பார்த்தவளின் மகள் கல்யாணம். இப்போதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆபீசரம்மா, தராசு சாஞ்சாப்ல இருக்கு?” என்று அங்கிருந்தே கேட்கிறார். “ஒண்ணுமில்ல.” “ஒண்ணுமில்லன்னா முகம் ஏன் ரெண்டு கிலோ கூடியிருக்கு?” பக்கத்தில் இருந்த மீன்காரப் பேச்சியம்மாள், “பாருங்கக்கா, ஒங்க மூஞ்சியையும் நிறுக்காரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கவனித்தேன், அவரும் டப்பாவை இன்று வழக்கம்போல ஆட்டிக்கொண்டிருக்கவில்லை, துண்டுக்குள் வைத்திருக்கிறார்.

முப்பத்தேழு உள்ளே போகும்போது, கேன்டீன்காரர் ரசவடை வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார், பெருங்காய வாசம் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றது. நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்தது. பெருங்காயம் கசக்கும், ஆனால் இது பெருங்காயக் கசப்பு மட்டும் இல்லை, அதற்குள் சுண்ணாம்பு மாதிரி ஒன்று, பெருங்காயத்தில் புரட்டிய சுண்ணாம்பு, அதன்மேல் சுக்குத் தண்ணீரின் சூடு. எங்கே? கெட்டிமேளம். நான் மண்டபத்தின் பின்பக்கம், கோட்டை அடுப்புகள் எரிகிற கொட்டகையில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எட்டு. ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் வானம் இடிந்துவிடாது என்று ஜெபமலரே சொல்லியிருக்கிறாள், ஆனால் எட்டு என்றால் எட்டு. ஆவுடையப்பன் பாயசத்தைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என் கையையும் கடிகாரத்தையும் பார்க்கிறார். மடியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுக்கிறார், வேலையாட்கள் கண்ணில் படக்கூடாது என்று அதில்தான் மாத்திரையைப் போட்டு வைத்திருப்பார், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஜெபமலர் தலைதலையாக அடித்துக்கொள்வாள். உள்ளங்கையில் ஒன்று. “எட்டுன்னா ஒங்களுக்கு எட்டுதான். போடுங்க.” போட்டேன். சுக்குத் தண்ணீர் கொடுத்தார். விழுங்கினேன். தம்ளரைத் திரும்ப வாங்கும்போதுதான் அதைச் சொன்னார், பதின்மூன்று நாளாக நான் மறக்காத அந்த ஒன்றை. “தை பொறந்தா இந்தப் பெரிய அடுப்பை விட்டுரலாம்னு பாக்கேன். ரெண்டு பேருக்கு மட்டும் ஆக்கணும்.” யார் அந்த இரண்டு பேர் என்று கேட்கவில்லை. “ரெண்டு பேருக்குன்னா கையால உப்புப் போட முடியாது, கூடிப் போகும்” என்றேன். “அப்பம் நீங்க நிறுத்துக் குடுங்க” என்றார். அதை எடுத்து வைத்துக்கொண்டு பதின்மூன்று நாள் தூக்கிச் சுமந்ததில், அதற்கு முந்திய வாய் தண்ணீரும் அதோடு போன மாத்திரையும் மறந்து போயிருக்கிறது. மறதி இல்லை. மறதிதான், ஆனால் அந்த மறதி இல்லை. நான் ஒரு நாளும் விடவில்லை. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. நாதனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஐந்தாவது மாடி இல்லை, கேமரா இல்லை, என் வீட்டில் என் பாலை நானே தீய்த்துக்கொள்ளலாம். விசிறிக் காற்று திடீரென்று முகத்தில் படுவதுபோல் இருந்தது. அது முதலிலிருந்தே பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நிம்மதி ஒரு நிமிடம் இருந்திருக்குமா. என்னிடம் ஒன்று கூடினால் எங்கோ ஒன்று குறைய வேண்டும் என்று முப்பத்தொரு வருடப் பழக்கம் நினைவூட்டியது. அதற்குள் முப்பத்தெட்டைக் கூப்பிட்டு, அவர் உள்ளே போய், பாதிக் கதவுக்கு மேலே ஜெபமலரின் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. “பெரியவரே, ரெண்டு இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு.” “அப்படியா?” “என்ன அப்படியா? நூத்திமூணு புள்ளி ஆறு சதவீதம் வருது. ஒரே நாள்ல ரெண்டு போட்டுட்டியளா?” “இல்லம்மா. கை தவறிக் கீழ விழுந்துட்டு.” “விழுந்தா அதை எடுத்துட்டு வந்து காட்டணும்னு சொல்லியிருக்கம்லா?” “பாயசத்துல விழுந்துட்டு.” “போன மாசம் சாம்பாரு. இந்த மாசம் பாயசமா? அடுத்த மாசம் அப்பளத்துலயா?” பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போன மாதச் சாம்பார் உண்மை, பாவம். இந்த மாதப் பாயசம் பொய், அதை எனக்காகச் சொல்கிறார். “ரெண்டு மாசம் கணக்கு இடிச்சாச்சு. இனிமே பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வரணும்.” “அம்மா, வைகாசி முகூர்த்தம்மா. பதினாலு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்.” “அதுக்கு நான் என்ன செய்ய?” சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, ‘உங்கள் மருந்தைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்’. பெண்ணாகப் பிறந்து, இந்த வயதில், இந்த நோயோடு, ஒரு ஆணின் மடியிலிருந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன் என்று பெஞ்சு முழுவதும் கேட்கச் சொல்வதா? கேட்டால் பேச்சியம்மாள் சந்தை முழுக்கக் கொண்டுபோவாளே. மாலைக்குள் ஊர். இன்னொரு வழியும் இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பது. என் கணக்கு தொண்ணூற்றாறு புள்ளி நான்கு, தேர்ச்சி. ஒரு தட்டில் கூடியதை மறைத்து, இன்னொரு தட்டில் குறைந்ததற்கு அந்தத் தட்டையே குற்றம் சொல்வது. இதற்காக எத்தனை பேர் மேல் வழக்கு எழுதியிருக்கிறேன்.

எழுந்தேன். “ஆபீசரம்மா, ஒங்க டோக்கன் இன்னும் வரலியே” என்றாள் பேச்சியம்மாள். “தெரியும்” என்றேன். வரிசையை முந்துவது என் வாழ்க்கையில் முதல் தடவை. பாதிக் கதவைத் தள்ளி, என் டப்பாவின் பஞ்சை எடுத்துவிட்டு, நீலத் தட்டில் அவருடைய ஒன்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். மூன்றும் உருண்டன. “சேத்து எண்ணு” என்றேன். ஜெபமலர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கத்தியால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “நாலு.” “ரெண்டு பேருக்கு எத்தனை இருக்கணும்?” “நாலு.” “அப்பம் பாயசத்துல ஒண்ணும் விழலை. எனக்குத்தான் குடுத்தாரு. பதினேழாம் தேதி. என் பை அறைக்குள்ள மாட்டிக்கிட்டு. தப்புதான், எழுதிக்கோ, என் பேர்ல எழுது.” ஆவுடையப்பன் துண்டை மடித்துக்கொண்டே, “நான்தாம்மா குடுத்தேன், அவங்க கேக்கல” என்றார். “ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றாள் ஜெபமலர். “காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேரும் எங்க இருந்திய?” “அடுப்பாங்கரையில” என்றார் அவர், அதைவிட ஒழுக்கமான இடம் உலகத்தில் இல்லை என்பதுபோல. வெளியே பேச்சியம்மாளின் சிரிப்பு முதலில் கேட்டது, பிறகு மற்றவர்களுடையது. எனக்குக் காது சுட்டது, ஆனால் வலிக்கிற சூடு இல்லை. மருந்தை மாற்றிச் சாப்பிடக் கூடாது என்று ஜெபமலர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் பேசினாள், பெருங்காய டப்பாவுக்குத் தனியாக இரண்டு நிமிடம். பிறகு நோட்டை இழுத்து இரண்டு பெயருக்கு எதிரேயும் நூறு என்று எழுதினாள். புது டப்பாக்களை வைத்தாள். “ரெண்டு பேரும் புஸ்தகத்தைக் குடுங்க.” என் பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், மருந்து எடுக்க நினைவூட்டுபவர் என்ற கட்டத்தில் இருந்த ‘குற்றாலநாதன், ஓசூர்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, ஆவுடையப்பன் என்று எழுதினாள். அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டம் ஆறு வருடமாகக் காலியாக இருந்தது, அதில் என் பெயரை எழுதினாள். “உறவு?” என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, ஒரே சமயத்தில் மூடினோம். ஜெபமலர் இரண்டு புத்தகத்திலும் உறவுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டு, மூடிக் கொடுத்துவிட்டு, “முப்பத்தொம்பது” என்று கூப்பிட்டாள்.